பக்கத்து வீட்டுக் காது

எலக்ட்ரிக் கிதார் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கடையில் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் முன்னால் குந்திக்கொண்டு, திருகுகளை இப்படியும் அப்படியும் திருப்பி, ஏதோ ஞானம் வந்துவிட்டதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார்கள். நானும் மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் கடைக்கார அக்காவைக் காணோம்.

பக்கத்தில் ஒரு வளையல் கடை. அக்கா அங்கே போய், வளையல் அட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். "நீ வாசிம்மா, நான் கேட்டுகினு தான் இருக்கேன்" என்று அங்கிருந்து குரல் வந்தது. வளையல் கடைக்காரர் இதற்கெல்லாம் பழகிப்போனவர். தன் பங்குக்கு அவரும் ஒரு கருத்துச் சொன்னார்.

சித்தூரில் அந்தக் கடை பல வருடம் நடந்தது. பஜனைக்கு ஆர்மோனியமும் ஜால்ராவும், சர்ச்சுக்கு கீபோர்டு, காலேஜ் பிள்ளைகளுக்கு கிதார் என்று எல்லாம் இருக்கும். அக்காவுக்கு இதில் எதையும் வாசிக்கத் தெரியாது. ஐம்பதைத் தாண்டிய வயது, குள்ளமான உருவம், தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிகிற பேச்சு. இப்போது கடையை விட்டுவிட்டு மகளோடு குப்பம் டவுனில் இருக்கிறார். கருங்கல் அறுக்கும் பட்டறைக்குப் பக்கத்து வீடு என்று கேள்வி. பட்டறைக்காரர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது.

எந்த ஆம்ப்பையும் அவர் அதன் முன்னால் நின்று கேட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய கட்சி இதுதான்: "வாசிக்கறவங்க காது பொய் சொல்லும் மா. அதுக்குத் தான் ஆச வந்துடுச்சே. பக்கத்து வூட்டுக் காது எதுக்குப் பொய் சொல்லப் போவுது?"

அதனால், வீட்டில் வைத்து வாசிக்க ஆம்ப் வேண்டும் என்று யார் வந்தாலும் எத்தனை வாட்ஸ், என்ன கம்பெனி என்று ஆரம்பிக்க மாட்டார். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்குத் தூங்குவார்கள், நடுவில் இருப்பது ஒற்றைச் சுவரா, கைக்குழந்தை உண்டா, பரீட்சை எழுதும் பிள்ளை உண்டா என்று கேட்டுக்கொண்டே போவார். நாம் கிதார் கடைக்கு வந்தோமா, பெண் பார்க்க வந்த இடத்தில் மாட்டிக்கொண்டோமா என்று வந்தவருக்குச் சந்தேகம் வந்துவிடும். பதில் திருப்தியாக இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கிளம்பிவிடுவார். வாங்குகிறவர் வீட்டுக்கு அல்ல, அவருக்குப் பக்கத்து வீட்டுக்கு.

ஒரு போலீஸ்காரர் பெரிய ஆம்ப்பாகக் கேட்டாராம். அக்கா போய்ப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, பெட்டி கிடையாது, ஒரு வருடம் கழித்து வாங்க என்று சொல்லிவிட்டார். அங்கே மூன்று மாதக் குழந்தை இருந்தது. "கொழந்த சம்மதிக்கல சார்" என்றாராம். போலீஸ்காரரிடம் இப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அவரும் சரியாக ஒரு வருடம் கழித்து, அந்தக் குழந்தையையே இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். குழந்தை ஆம்ப்பின் திருகை வாயில் வைத்துச் சப்பியது. அக்கா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

இன்னொரு வீட்டில், பக்கத்து வீட்டம்மாவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே பணியாரம் தின்றுவிட்டு, வந்த காரியத்தை மறந்து பஸ் ஏறிப் போய்விட்டார். கிதார்காரர் ஒன்றரை மணி நேரம் விடாமல் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் சண்டைக்கு வந்தவரிடம், "நீ வாசிச்சியா? எனக்கு ஒண்ணுமே கேக்கலியே. அப்ப அந்தப் பொட்டி தான் ஒனக்கு" என்று வியாபாரத்தையே முடித்துவிட்டார்.

மகள் கல்யாணத்திலும் இதே கூத்துதான். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அம்மாவைக் காணாமல் மண்டபமே தேடியிருக்கிறது. அவர் எதிரில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, மண்டபத்து மைக் செட் அங்கே எவ்வளவு கேட்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டின மேளத்தை அங்கிருந்துதான் கேட்டாராம். நன்றாக இருந்தது என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் சித்தூர்க்காரி, திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். முப்பத்தெட்டாவது வயதில் எலக்ட்ரிக் கிதார் வாங்கினேன். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களிடம் விரல் மூட்டுக்கு நல்லது என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் இருப்பவள் சொன்னால் நம்பத்தானே வேண்டும். உண்மையில், காலேஜ் நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த ஆசை, அவ்வளவுதான்.

ஹெட்போன் போட்டுக்கொண்டு வாசித்தால் ஒரு தொல்லையும் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நாள் முழுக்க ஈயக் கதவு போட்ட அறையில் நின்று "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பவள் நான். வீட்டுக்கு வந்தும் காதை மூடிக்கொண்டு இன்னொரு அறைக்குள் போக எனக்கு இஷ்டமில்லை. சத்தம் அறைக்குள் நடமாட வேண்டும். அக்காவிடம் இதைச் சொன்னபோது உடனே புரிந்துகொண்டார். ஆனால் கீழ் வீட்டில் இருப்பவர்களைப் பற்றி நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று ஆம்ப்பைத் தராமல் கிதாரை மட்டும் கொடுத்து அனுப்பினார். விசாரித்துக்கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்றார்.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான்கு வீட்டில் இல்லை என்று சொன்ன பிறகு கிதாருக்கு ஒரு வருடத்துக்கும் முன்பே, ஐந்தாவதாக அமைந்தது அந்த மாடி போர்ஷன். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். கீழே வீட்டுக்காரர்கள், கோயில் கைங்கரியம் செய்யும் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பம். பெரியவர் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் இருந்தார். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து கோயிலுக்குப் போகிறவர், மாலை ஏழரைக்குப் படுத்துவிடுவார். நான் வீடு திரும்புவது ஏழுக்கு. நான் கிதாரை எடுக்கும் நேரமும் அவர் போர்வையை இழுக்கும் நேரமும் ஒன்று.

எனக்குப் பொறுமை இல்லை. கூட வேலை செய்கிறவர் ஒருவர் சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்த பழைய நூறு வாட்ஸ் ஆம்ப்பை இரவல் தந்தார். அதைத் தரையில் வைத்து, திருகை ஒன்றுக்கு மேல் ஏற்றாமல் வாசித்தேன். பரம சாது என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ஐந்தாம் நாள் பெரியவரின் மருமகள், நான் மாமி என்று கூப்பிடுகிறவர், படியேறி வந்தார். மாமனாருக்கு ஐந்து நாளாகத் தூக்கமில்லை என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "தப்பா நினைச்சுக்காதேங்கோ. வேற அகம் பாத்துக்கறேளா?" என்று கேட்டார்.

அவர் போன பிறகு அழுகையே வந்துவிட்டது. கிதாரை விடுவதா, வீட்டை விடுவதா? இரண்டில் எதை விட்டாலும் மறுபடி கிடைக்காது என்று தோன்றியது. அக்காவுக்கு போன் செய்தேன்.

முதலில் நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டேன். நூறு வாட்ஸ் பெட்டியில் திருகை மயிரிழை அசைத்தாலும் தெருவுக்கே கேட்கும், வீட்டுக்குப் பத்து வாட்ஸ் தாராளம் என்றார். அதோடு, தரையில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குத்தான் போகும். "காதுக்கு வரலன்னு நீ ஏத்திகினே இருப்ப. கீழ இருக்கறவருக்கு அது நெஞ்சுல எறங்கும்" என்றார். இரண்டு நாள் பொறு, வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

சொன்னபடி வந்தார். கட்டைப்பையில் ஒரு பத்து வாட்ஸ் ஆம்ப், தோளில் மடித்த பழைய மெத்தை விரிப்பு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆம்ப்பைக் கொடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் செய்ததாகச் சொன்னார். மாடிக்கு வந்து ஒரு நாற்காலியில் விரிப்பை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் ஆம்ப்பை வைத்து, என் காதைப் பார்த்து லேசாகச் சாய்த்தார். கெய்ன் என்று எழுதிய திருகைக் கூட்டி, வால்யூம் என்று எழுதியதைக் குறைத்தார். முரட்டுக் குரல் அப்படியே இருந்தது, சத்தம் மட்டும் அறைக்குள் அடங்கிக் கிடந்தது. எனக்கு அப்போதே மனது நிறைந்துவிட்டது. "உனக்குப் புடிச்சா ஆச்சா? நான் கீழ போயி ஒரு தட்டு தட்டினா கொற. ரெண்டு தட்டினா சரி" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நானும் கூடப் போனேன்.

வேறு எந்த வீடாக இருந்தாலும் "யாரு மா வூட்டுல?" என்று குரல் கொடுத்துக்கொண்டே அடுப்படி வரை போய்விடுகிறவர், அந்த வாசலில் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு கடையில் ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. எல்லைப் பக்கத்துக் கிராமம் அவருடையது, சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பம். "எங்க ஊர்ல கோயில் பாட்டும் சரி, கல்யாண மேளமும் சரி, நாங்க செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டது தான். அதுலயே காது தேறிடுச்சி" என்றார். அன்றைக்கு நானும் சிரித்தேன். அந்த வாசலில் அவர் நின்ற விதத்தைப் பார்த்தபோது, சிரித்ததற்காக வெட்கமாக இருந்தது.

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் கூப்பிட்டார். "உள்ள வாங்கோ. வாசல்ல நின்னுண்டா என்ன கேக்கும்?"

வாசலில் நின்றால் என்னென்ன கேட்கும் என்று சொல்ல அந்த ஊரிலேயே அக்காவை விடத் தகுதியானவர் கிடையாது. ஆனால் அவர் பையை நெஞ்சோடு பிடித்தபடியே உள்ளே போனார். மாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் மாடிக்கு ஓடினேன்.

எனக்கு அப்போது எட்டு வரி மெட்டு ஒன்றுதான் தெரியும். அதிலும் ஆறாவது வரிக் கடைசியில் விரல் தடுக்கும். தடுக்கினால் உடனே நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அன்றைக்கு வேறு பயம். ஆரம்பிப்பதும் நிறுத்துவதுமாகப் போராடிக்கொண்டிருந்தபோது தரைக்குக் கீழே தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்றும் வரவேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு.

சந்தோஷத்தில் படியெல்லாம் தாண்டிக் குதித்துக் கீழே போனேன். போனவள் அப்படியே நின்றேன். அக்கா கூடத்தில் ஒரு நீளமான கோலின் நடுவில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மாமி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். அது மடிக்கோல். குளித்துவிட்டு உடுத்தும் மடித் துணியை மற்றவர் கை படாதபடி உயரத்துக் கொடியில் போடவும் எடுக்கவும் வைத்திருக்கும் கோல். ஒன்றரை வருடம் மாடியில் இருந்தும், நானே அதைத் தொட்டதில்லை. தொடக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, சொல்லாமலே தெரியும். அக்கா அதை எடுத்துத்தான் கூரையைத் தட்டியிருக்கிறார். கிதார் சத்தத்திலிருந்து வீடு தப்பியது என்று வந்தவளுக்கு, இப்போது இந்தக் கோலாலேயே வீடு போகப்போகிறது என்று தோன்றியது.

அக்கா யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெரியவரிடம்தான் பேசினார். "சாமி, இப்ப சத்தம் சுத்தமா கொறஞ்சிடுச்சி. ஆனா ஒங்களுக்கு இன்னும் மூஞ்சி தெளியல. ஏழு தடவ ஆரம்பிச்சா, ஏழு தடவையும் ஒரே எடத்துல நிறுத்தினா. ஒங்க தூக்கத்தக் கெடுக்கறது சத்தமா, இதுவா?"

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாளாக அவரிடம் யாருமே இதைக் கேட்கவில்லை. தூங்கவில்லை என்றால் சத்தத்தால்தான் என்று மாமி முடிவு கட்டிவிட்டார், நானும் அப்படியே நம்பிவிட்டேன்.

"இதுதாம்மா, இதேதான்" என்றார். "சத்தம் எனக்கு ஒண்ணும் பண்ணாது. ஆறு அடி வரது. மிச்சம் ரெண்டு அடி வரவே மாட்டேங்கறது. அது வருமா வருமான்னு காத்துண்டே கெடக்கேன். எங்களுக்குப் பாதியில விட்டுப் பழக்கமில்லை. கோஷ்டியில ஒருத்தர் தப்பினா பக்கத்தில இருக்கறவா எடுத்துண்டுடுவா, நிறுத்த மாட்டோம். கடைசிப் பாட்டு சொல்லி சாற்றுமுறை ஆகாம எழுந்துண்டு போக மாட்டோம். இவ தனியா இருக்கா, எடுத்துக் குடுக்க ஆளில்லை. தப்பானாலும் போயிண்டே இருக்கச் சொல்லுங்கோ. முடிச்சுட்டா நான் தூங்கிடுவேன்."

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். இருந்தாலும் அக்காவிடம்தான் சொன்னார். அக்காவும் என்னைப் பார்த்து அதையே திருப்பிச் சொன்னார், எனக்குக் காது கேட்காததுபோல. பிறகு கோலைப் பழையபடி மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து தப்போ சரியோ எட்டு வரியையும் முடித்துவிட்டுத்தான் கையை எடுப்பேன். முடித்ததும் கீழேயிருந்து இரண்டு தட்டு வரும். வீடு காலி செய்யும் பேச்சு அதோடு நின்றுவிட்டது. மாமியே ஒருநாள் வந்து, சத்தமே போறலையே, கொஞ்சம் கூட்டலாமே என்றார்.

ஆனால் மறு வாரமே அந்த வீட்டுக்குப் புதிய மடிக்கோல் ஒன்று வந்தது. பச்சை மூங்கில் வாசனை போகாத கோல். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. மாமி நல்லவர், என்னிடம் அன்பாக இருப்பவர், அதனாலேயே இன்னும் கஷ்டமாக இருந்தது. அக்காவிடம் ஒரு மாதம் சொல்லாமல் மறைத்தேன். ஒருநாள் போனில், கீழ் வீட்டில் எல்லாம் சௌக்கியமா என்று அவர் கேட்கப்போய் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உங்களுக்குத் தெரியாது அக்கா, தெரியாமல் எடுத்துவிட்டீர்கள் என்று சமாதானமும் சொன்னேன்.

அக்கா சிரித்தார். "தெரியாம எடுத்தேன்னா நெனச்ச? எங்கம்மா அப்படி ஒரு வூட்ல தான் மாட்டுக்கொட்டா கூட்டினாங்க. கொல்லப்பக்கம் நின்னு அந்தக் கோல பாத்துகினே வளந்தவ மா நான்."

"அப்ப ஏன்க்கா எடுத்தீங்க?"

"மூலையில வெளக்குமாறும் தான் இருந்துச்சி. எட்டல." மறுபடி சிரித்துவிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கினார். "பெரியவர் பாத்துகினு தான் இருந்தாரு. வாணாம்னு சொல்லல. அதான் ரெண்டு தட்டு தட்டிட்டேன். பழசு இன்னா ஆச்சி, தூக்கிப் போட்டாங்களா?"

பெரியவர் கட்டிலோரம்தான் இருக்கிறது, தினமும் அதால்தான் தட்டுகிறாராம் என்றேன்.

அக்கா கேட்டார்: "எங்க புடிச்சிகினு தட்டறாரு?"

எனக்குத் தெரியவில்லை. மேலேயே இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? "கீழ போயிப் பாரு" என்றார்.

மறுநாள் எட்டு வரியையும் போனில் பதிவு செய்து, ஆம்ப்பில் செருகி ஓடவிட்டு, திருட்டுத்தனமாகக் கீழே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து, விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டார். எட்டாவது வரி முடிந்ததும் பழைய கோலை எடுத்தார். அதன் நடுவில், வெகுகாலம் புழங்கி வழவழப்பான இடத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு கையாலும் பிடித்து நிதானமாக இரண்டு தட்டு தட்டினார். அக்கா பிடித்துக்கொண்டு நின்றதும் அதே இடத்தில்தான். பிறகு கோலைத் தலைமாட்டில் சாய்த்துவிட்டுப் படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மத்தியானம், அக்கா கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். "நடுவுலக்கா. நீங்க புடிச்ச அதே எடத்துல தான்."

"சரி மா" என்றார் அக்கா. "கடையில ஆள் நிக்குது."

பேச்சை முடித்தாரே தவிர, போனை அணைக்க மறந்துவிட்டார். நானும் அணைக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று கேட்டது. ஏதோ அட்டைப்பெட்டி நகர்ந்தது. அப்புறம், வந்தவரிடம் அவர் பேசுவது கேட்டது: "அவ்ளோ பெருசு வாணாம் சார், சொன்னா கேளுங்க. மொதல்ல ஒங்க பக்கத்து வூட்ல யாரு கீறாங்க, அதச் சொல்லுங்க."

அக்காவை நான் வெளியிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான். குரல் வழக்கத்தை விடக் கொஞ்சம் உரக்கத்தான் இருந்தது. ஆனாலும் போனின் மேல் நகத்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டு வைத்தேன்.